மூன்று வாரம் டிசைனிலேயே போய்விட்டது, இனி எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். மென்ட்டர் வழிகாட்டுகிற ஒரு கோடைகால ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் மாணவராகச் சேர்ந்திருக்கிறீர்கள். பைத்தானில் எழுதிய ஒரு கருவி. அது அமேசானின் கிளவுடில் (இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கணினிகள்) ஒரு மெஷினைக் கிளப்பி, அதில் டெஸ்ட்களை ஓட்டி, முடிந்ததும் மெஷினை அழித்துவிடும். அதில் கூகுள் கிளவுடையும் மைக்ரோசாஃப்டின் கிளவுடான அசூரையும் சேர்ப்பதாக எழுதிக்கொடுத்துத் தேர்வானீர்கள். 12 வாரத்தில் 3 வாரம் போய்விட்டது. மூன்று கிளவுடுக்கும் பொதுவான இன்டர்ஃபேஸை (எந்த கிளவுடானாலும் ஒரே மாதிரி அழைக்கக்கூடிய ஃபங்ஷன்களின் தொகுப்பை) முதலில் வரையலாம் என்று மென்ட்டர் சொல்ல, அதையே எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறீர்கள், இன்னும் ஒரு வரிகூட மெர்ஜ் ஆகவில்லை, அதாவது திட்டத்தின் கோடில் சேரவில்லை. இன்டர்ஃபேஸை முடித்துவிட்டு மேலே போவதா, இருக்கிற அமேசான் கோடை காப்பி எடுத்து மாற்றுவதா, சொந்தக் காசு போடாமல் எப்படி டெஸ்ட் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் இருப்பது, நான் பின்தங்கிவிட்டேனா, இனி இதை ஒழுங்காக முடிக்க முடியுமா என்ற கவலை என்று நினைக்கிறேன். அதனால் அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நீங்கள் பின்தங்கவில்லை. ஆனால் இதே மாதிரி இன்னும் இரண்டு வாரம் போனால் கண்டிப்பாகப் பின்தங்குவீர்கள். இன்டர்ஃபேஸ் வேலையை இன்றே ஓரமாக வையுங்கள். ஒரே ஒரு புதிய கிளவுடை எடுத்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு மெஷினைக் கிளப்பி, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழையும் பாதுகாப்பான வழி) வழியாக உள்ளே போய் ஒரு கமாண்டை ஓட்டி, மெஷினை மிச்சமில்லாமல் அழிப்பது வரை முழுப் பாதையையும் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் எழுதி முடியுங்கள். அதிலும் அழிக்கிற கோடைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது என் கருத்து, ஏன் என்று கீழே சொல்கிறேன். இப்படிப்பட்ட கருவிகளைப் பராமரிப்பதும் மாணவர்களுக்கு மென்ட்டராக இருப்பதும் பல வருடங்களாக என் வேலையின் ஒரு பகுதி. கிளவுட்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று கீழே சொல்பவை அவரவர் ஆவணங்களிலேயே இருப்பவை, அவற்றை நம்பலாம். உங்கள் மென்ட்டர் என்ன நினைக்கிறார், எந்த வேலை எத்தனை வாரம் பிடிக்கும் என்பதெல்லாம் உங்கள் ரெப்போவை (திட்டத்தின் கோடு இருக்கும் இடத்தை) பார்க்காமல் நான் போடும் கணிப்பு, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பொது இன்டர்ஃபேஸ் ஏன் காகிதத்தில் நிற்க மாட்டேன் என்கிறது? உங்கள் திறமையில் குறையில்லை. ஒரே பெயரில் மூன்று கிளவுடும் மூன்று வெவ்வேறு விஷயங்களை வைத்திருக்கின்றன, அது ஏபிஐயை (கோடிலிருந்து கிளவுடுக்குக் கட்டளை அனுப்பும் வழியை) தொட்டுப் பார்க்கும் வரை தெரியாது. மெஷினின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அமேசானில் பெயர் என்பது வெறும் ஒரு டேக், மெஷினில் ஒட்டிவைக்கிற சின்னக் குறிப்பு. ஒரே பெயரில் பத்து மெஷின் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, உண்மையான அடையாளம் அது தருகிற ஐடிதான். கூகுளில் பெயர்தான் அடையாளம். ஒரு புராஜெக்ட்டின் ஒரு ஸோனுக்குள் (டேட்டா சென்டர் பகுதிக்குள்) அதே பெயரில் இன்னொன்றை உருவாக்க முடியாது, சிறிய எழுத்து, எண், ஹைஃபன் மட்டும்தான் வரலாம், 63 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அசூரில் ஒரு ரிசோர்ஸ் குரூப்புக்குள் (பொருள்களைச் சேர்த்துவைக்கும் தொகுப்புக்குள்) பெயர் தனித்து இருக்க வேண்டும். இப்போது உங்கள் இன்டர்ஃபேஸில் 'பெயரை வைத்து மெஷினைத் தேடு' என்று ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தால் அது கூகுளில் ஒரு மெஷினைத் தரும், அமேசானில் ஒரு பட்டியலைத் தரும். இதை மூன்று வாரம் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, அரை நாள் ஏபிஐயோடு மல்லுக்கட்டினால் தானாகத் தெரிந்துவிடும்.

டேக் இன்னொரு உதாரணம். உங்கள் கருவி கிளப்பிய மெஷின் எது என்று அடையாளம் வைக்க இது கட்டாயம் வேண்டும். அமேசானில் டேக்கின் கீயில் (குறிப்பின் தலைப்பில், அதற்குரிய மதிப்பு வேல்யூ) பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு, அதாவது 'ஓனர்' என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கி ஒன்றும் சிறிய எழுத்தில் ஒன்றும் வைத்தால் இரண்டு டேக். அசூர் கீயில் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. கூகுளில் இதற்கு லேபிள் என்று பெயர், கீயிலும் வேல்யூவிலும் பெரிய எழுத்தே வரக் கூடாது. அமேசான் கோடில் யாரோ எப்போதோ பெரிய எழுத்தில் தொடங்கிய ஒரு கீயை வைத்திருப்பார்கள், அது கூகுளில் முதல் அழைப்பிலேயே பிழை தரும். தேதியையும் நேரத்தையும் வழக்கமான வடிவத்தில் லேபிளில் போட்டாலும் இதே கதைதான், நடுவில் வருகிற முக்காற்புள்ளியை அது ஏற்காது. எப்போக் நொடிகளாக (1970 தொடக்கத்திலிருந்து எண்ணுகிற நொடிகளாக) போட்டுவிடுங்கள், மூன்றிலும் ஓடும்.

சரி, அழிப்பதற்கு வருகிறேன். அமேசானில் மெஷினை டெர்மினேட் செய்தால் ரூட் டிஸ்க் (மெஷின் கிளம்புகிற டிஸ்க்) வழக்கமாகக் கூடவே போய்விடும், பிறகு நீங்களாக இணைத்த டிஸ்க் போகாது, எலாஸ்டிக் ஐபி (நிலையான இணைய முகவரி) எடுத்திருந்தால் அதுவும் அப்படியே நிற்கும். அழிந்த மெஷினே கொஞ்ச நேரத்துக்கு 'டெர்மினேட்டட்' என்ற நிலையோடு பட்டியலில் தெரியும், 'பட்டியல் காலியாக இருக்கிறதா' என்று சோதிக்கிற டெஸ்ட் அங்கே ஏமாறும். கூகுளில் பூட் டிஸ்க் கூடவே அழிய வேண்டுமா என்பதை மெஷினை உருவாக்கும்போதே டிஸ்க்கின் அமைப்பில் சொல்ல வேண்டும். கன்சோலில் (கிளவுடை நிர்வகிக்கும் இணையப் பக்கத்தில்) உருவாக்கிப் பார்த்த பழக்கத்தை நம்பாமல் கோடில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அசூரில் ஒரு மெஷின் என்பது தனி மெஷின் மட்டும் கிடையாது: நெட்வொர்க் கார்டு ஒரு தனிப் பொருள், பப்ளிக் ஐபி தனி, டிஸ்க் தனி. உருவாக்கும்போது தனியாகச் சொல்லாமல் விட்டால், மெஷினை மட்டும் அழித்த பிறகு இவை மூன்றும் அங்கேயே இருக்கும், பில்லும் ஏறிக்கொண்டிருக்கும். அங்கே சரியான வழி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு ரிசோர்ஸ் குரூப் உருவாக்கி, கடைசியில் அந்தக் குரூப்பையே அழிப்பது. உள்ளே இருப்பவை எல்லாம் சேர்ந்து போய்விடும். கவனியுங்கள், இந்த ஒரு முடிவு மெஷினை எப்படி உருவாக்குகிறீர்கள் என்பதையே மாற்றிவிடுகிறது. முதலில் உருவாக்குகிற கோடை அழகாக எழுதிவிட்டு அப்புறம் அழிப்பதற்கு வந்தால் உருவாக்கியதைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்ட வேண்டியிருக்கும். அதனால்தான் அழிப்பதை முதலில் எழுதச் சொல்கிறேன். கன்சோலில் கையால் ஒரு மெஷினைக் கிளப்புங்கள், உங்கள் கோடால் அதை அழியுங்கள், பிறகு கன்சோலில் போய் என்னவெல்லாம் மிச்சம் நிற்கிறது என்று பாருங்கள். இது ஒரு நாள் வேலைகூட இல்லை, இதிலிருந்து கிடைக்கிற பட்டியல் உங்கள் டிசைனுக்கு அஸ்திவாரம்.

மெஷினை நிறுத்துவதற்கும் அழிப்பதற்கும் நடுவில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அமேசானில் மெஷினுக்குள்ளிருந்து ஷட்டவுன் கொடுத்தால் மெஷினுக்கான கட்டணம் நின்றுவிடும், டிஸ்க்குக்கு மட்டும் ஓடும். அசூரில் உள்ளிருந்து ஷட்டவுன் கொடுத்தால் 'ஸ்டாப்டு' என்று காட்டிக்கொண்டே முழுக் கட்டணமும் ஓடும். டீஅலோகேட் செய்தால்தான், அதாவது மெஷினுக்கு ஒதுக்கிய வன்பொருளைத் திருப்பிக் கொடுத்தால்தான் நிற்கும். டெஸ்ட் தோற்றால் பிறகு பார்க்கலாம் என்று மெஷினை நிறுத்திவைக்கிற வசதி உங்கள் கருவியில் இருந்தால் இதை மறந்துவிடாதீர்கள்.

காத்திருப்பதும் மூன்றிலும் மூன்று விதம். அமேசான் 'பெண்டிங்' என்று உடனே ஐடியைக் கையில் கொடுத்துவிடும். அடுத்த நொடியே அந்த ஐடியைக் கேட்டால் சில சமயம் 'அப்படி ஒரு மெஷினே இல்லை' என்று சொல்லும், தகவல் எல்லா இடத்துக்கும் பரவக் கொஞ்சம் நேரம் ஆகும், அது பிழை கிடையாது. கூகுள் மெஷினைத் தராது, 'ஆபரேஷன்' என்று ஒன்றைத் தரும், அது முடிந்ததா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அசூரின் பைத்தான் லைப்ரரி ஒரு போலரை (வேலை முடிந்ததா என்று கேட்டுக்கொண்டிருக்கும் பொருளை) தரும், அதன் முடிவைக் கேட்டால் அங்கேயே நின்று காத்திருக்கும். இதில் எதையும் இன்டர்ஃபேஸில் வெளியே தெரிய விடாதீர்கள். வெளியே இருப்பவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மெஷின் உபயோகிக்கத் தயாரா? அந்தக் கேள்விக்கும் கிளவுட் சொல்கிற 'ரன்னிங்' பதில் ஆகாது. ரன்னிங் என்று வந்த பிறகு எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட் திறக்கக் கொஞ்ச நேரம் ஆகும், அது திறந்த பிறகும் உள்ளே கிளவுட்-இனிட் (மெஷின் முதலில் கிளம்பும்போது அதை அமைத்துத் தரும் மென்பொருள்) வேலை செய்துகொண்டிருக்கும், அந்த நேரத்தில் பேக்கேஜ் நிறுவப் போனால் லாக் பிடித்துவைத்திருக்கிறது என்று தோற்கும், மறுபடி ஓட்டினால் பாஸ் ஆகும். கிளவுட்-இனிட்டின் ஸ்டேட்டஸ் கமாண்டுக்கு முடியும் வரை காத்திருக்கச் சொல்கிற ஆப்ஷனே இருக்கிறது. எத்தனையோ திட்டங்களில் 'சில சமயம் தோற்கும் டெஸ்ட்' என்று ஒதுக்கிவைத்திருப்பதில் பாதிக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன், இது என் அனுபவத்திலிருந்து சொல்வது.

ஆக, காப்பி எடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: எடுங்கள், தயங்காமல் எடுங்கள். அமேசான் ஃபைலுக்குப் பக்கத்தில் கூகுளுக்கு ஒரு ஃபைல், அதே பெயரில் ஃபங்ஷன்கள், உள்ளே என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும். இரண்டும் ஓட ஆரம்பித்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது உண்மையிலேயே பொது என்பது கண்ணுக்குத் தெரியும். அப்போது இன்டர்ஃபேஸை எழுத இரண்டு நாள் போதும்.

உங்கள் மென்ட்டர் இன்டர்ஃபேஸை முதலில் கேட்டதற்கு நியாயமான காரணம் இருக்கிறது, அதை மதிக்க வேண்டும். அவருடைய பயம் கோடு முழுக்க 'கூகுளாக இருந்தால் இப்படி, அசூராக இருந்தால் அப்படி' என்று சிதறிவிடுமோ என்பதாகத்தான் இருக்கும். அது வெறும் கற்பனையும் இல்லை. குபர்நெட்டிஸில் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் பெரிய ஓப்பன் சோர்ஸ் திட்டம்) பல கிளவுட்களுக்கான கோடு ஆரம்பத்திலிருந்து மையக் கோடுக்குள்ளேயே வளர்ந்தது. அதை வெளியே எடுக்கப் பல வருடம் ஆகி, 2024இல் 1.31 வெர்ஷனில்தான் முடிந்தது. சுமார் 15 லட்சம் வரி கோடை நீக்கினார்கள். அந்த அளவு திட்டத்துக்கே இந்தப் பாடு. அதனால் மென்ட்டரிடம் ஒரே ஒரு விதியை ஒப்புக்கொள்ளுங்கள்: கிளவுடின் பெயர் அதற்குரிய ஃபைலையும், எந்த ஃபைல் என்று தேர்ந்தெடுக்கிற ஓரிடத்தையும் தவிர வேறெங்கும் வரக் கூடாது. இந்த விதி இருந்தால் அவருக்கு வேண்டிய பாதுகாப்பு கிடைத்துவிடும், உங்களுக்கும் கை கட்டப்படாது. கிளவுட்-இனிட்டின் கோடைத் திறந்து பாருங்கள், ஒவ்வொரு கிளவுடுக்கும் ஒரு டேட்டாசோர்ஸ் ஃபைல் இருக்கும், அத்தனை வருடமாக அத்தனை பேர் எழுதியும் அந்த ஒழுங்கு கலையவில்லை. அப்பாச்சி லிப்கிளவுட் மாதிரி ஏற்கெனவே பல கிளவுடுக்கும் பொதுவாக இருக்கிற லைப்ரரியை ஏன் எடுக்கவில்லை என்றும் மென்ட்டரிடம் ஒருமுறை கேளுங்கள். அவரிடம் நல்ல காரணம் இருக்கலாம், பொது லைப்ரரிகள் எல்லாருக்கும் பொதுவான பகுதியைத்தான் நன்றாகத் தருகின்றன, ரிசோர்ஸ் குரூப் மாதிரியான விஷயத்தில் கை விரித்துவிடும். ஆனால் அந்தக் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதே டிசைன் பாடம்.

மெஷினுக்குள்ளே ஓடுகிற பகுதியும் உங்கள் வேலையில் இருந்தால் மெட்டாடேட்டா சர்வரை (மெஷின் தன்னைப் பற்றிய விவரத்தையும் சாவியையும் கேட்டு வாங்குகிற இடத்தை) தொட வேண்டிவரும். மூன்று கிளவுடிலும் அது 169.254.169.254 என்ற ஒரே முகவரியில்தான் இருக்கிறது, ஆனால் பேசுகிற முறை வேறு. கூகுள் தன் பெயரைச் சொல்லும் ஒரு ஹெடர் (அழைப்போடு சேர்த்து அனுப்பும் குறிப்பு) இல்லாமல் பதில் தராது, அசூர் 'மெட்டாடேட்டா' என்ற ஹெடரில் 'ட்ரூ' இருக்கிறதா என்று பார்க்கும், அமேசானின் இரண்டாம் வெர்ஷனில் முதலில் ஒரு புட் அழைப்பு அனுப்பி டோக்கன் வாங்கி, அந்த டோக்கனோடுதான் கேட்க வேண்டும். அந்த இரண்டாம் வெர்ஷன் 2019 நவம்பரில் வந்தது. யாராவது உங்கள் மெஷினில் ஓடும் ஒரு வெப் சர்வரை ஏமாற்றி அந்த முகவரிக்கு அழைப்பு அனுப்பவைத்து சாவியைத் திருடுவதைக் கடினமாக்கத்தான் இத்தனை சடங்கும். டாக்கர் கன்டெய்னருக்குள்ளிருந்து (மெஷினுக்குள் தனித்து ஓடும் சூழலிலிருந்து) கேட்டால் அமேசானில் பதில் வராமல் போகலாம், டோக்கன் பதிலின் ஹாப் எண்ணிக்கை (எத்தனை நெட்வொர்க் தாவல் போகலாம் என்ற வரம்பு) பல சமயம் 1 என்று இருப்பதால் அது மெஷினைத் தாண்டி கன்டெய்னருக்குள் வராது. இதைத் தெரியாமல் நாள் கணக்கில் நெட்வொர்க்கைக் குடைகிறவர்கள் உண்டு.

எந்த கிளவுடில் ஓடுகிறோம் என்று கண்டுபிடிக்க மெட்டாடேட்டா முகவரியில் மூன்று முறையையும் முயன்று பார்க்காதீர்கள், வேறு இடத்தில் ஓடினால் டைம்அவுட் ஆகும் வரை பூட் தொங்கும். பயாஸ் (மெஷின் கிளம்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்) தருகிற தகவலைப் படியுங்கள். கூகுளில் புராடக்ட் பெயரிலேயே 'கூகுள் கம்ப்யூட் எஞ்சின்' என்று இருக்கும். அசூரில் சேஸிஸ் அசெட் டேக் 7783-7084-3265-9085-8269-3286-77 என்று வரும்; இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து ஆஸ்கி எழுத்துகளாகப் படித்தால் 'எம்எஸ்எஃப்டி அசூர் விஎம்' என்று வரும். கிளவுட்-இனிட்டும் இதைத்தான் பார்க்கிறது.

சொந்தமாக டிஸ்க் இமேஜ் (மெஷின் கிளம்பத் தேவையான டிஸ்க்கின் நகல்) தயாரிப்பதும் உங்கள் திட்டத்தில் உண்டு என்றால், அது தனி வேலை, 12 வாரத்தில் இதோடு சேர்த்துச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கூகுளுக்கு டிஸ்க்.ரா என்ற பெயரிலேயே ஃபைல் வைத்து டார் ஜிஸிப் ஆக்கித் தர வேண்டும், அசூருக்கு அளவு மாறாத விஎச்டி வேண்டும், அதன் மெய்நிகர் அளவு ஒரு மெகாபைட்டின் முழு மடங்காக இருக்க வேண்டும், இமேஜுக்குள்ளே 'நான் தயார்' என்று அசூருக்குச் சொல்கிற ஏஜென்ட்டோ கிளவுட்-இனிட்டோ இல்லாவிட்டால் மெஷின் நன்றாக ஓடினாலும் உருவாக்கம் தோற்றதாகவே காட்டும். கிளவுட் தருகிற தயார் உபுண்டு இமேஜை எடுத்துக்கொண்டு இந்தப் பகுதியைத் தள்ளிவையுங்கள்.

டெஸ்ட் விஷயத்துக்கு வருவோம், இதில்தான் இப்படிப்பட்ட மாணவர் திட்டங்கள் பின்னாளில் உயிரோடு இருப்பதும் செத்துப்போவதும் தீர்மானமாகிறது. அமேசானுக்கு மோட்டோ என்ற லைப்ரரி இருக்கிறது, ஏபிஐ இருப்பதுபோல நடிக்கும். அசூரைட் என்று ஒன்று உண்டு, அது அசூரின் ஸ்டோரேஜுக்குத்தான், மெஷின் உருவாக்குவதற்கு உதவாது. உண்மையான பதில்களை ஒருமுறை பதிவுசெய்து வைத்துக்கொண்டு பிறகு அதையே திருப்பிக் காட்டுகிற விசிஆர் வகை லைப்ரரிகள் உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன், பதிவில் டோக்கனும் அக்கவுன்ட் ஐடியும் மாட்டிக்கொண்டு கமிட் ஆகி ரெப்போவில் பதிவாகிவிடாமல் வடிகட்டி போட்டுவிடுங்கள். ஆனால் இவை எல்லாம் உங்கள் லாஜிக்கைத்தான் சோதிக்கும். மேலே சொன்ன லேபிள் பிரச்சினையோ மிச்சம் நிற்கிற நெட்வொர்க் கார்டோ நிஜ கிளவுடில்தான் தெரியும். அதனால் நிஜ கிளவுடில் ஓடுகிற ஒரே ஒரு டெஸ்ட் கட்டாயம் வேண்டும்: கிளப்பு, உள்ளே போ, ஒரு கமாண்டு, அழி, மிச்சம் ஏதாவது இருக்கிறதா பார். அதைத் தினமும் ஓட்ட வேண்டாம், வாரம் ஒருமுறையும் ரிலீஸுக்கு முன்னாலும் ஓடினால் போதும். முக்கியமாக, அது உங்கள் சொந்த அக்கவுன்ட்டில் ஓடக் கூடாது, திட்டத்தின் அக்கவுன்ட்டில் ஓட வேண்டும். நீங்கள் போன பிறகு யாரும் ஓட்ட முடியாத டெஸ்ட்டை வைத்துக்கொண்டு 'இந்தக் கருவி கூகுள் கிளவுடில் இயங்கும்' என்று ஆவணத்தில் எழுதிவைக்க முடியாது.

காசு பற்றிக் கேட்டீர்கள். முதலில் மென்ட்டரிடம் 'திட்டத்துக்கு அக்கவுன்ட் இருக்கிறதா, யார் பில் கட்டுகிறார்கள்' என்று நேரடியாகக் கேளுங்கள். இது கேட்கக் கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை, உங்கள் கிரெடிட் கார்டைப் போட வேண்டிய கடமை உங்களுக்குக் கிடையாது. அதுவரை வேலை நிற்கக் கூடாது என்றால் அசூரின் மாணவர் திட்டம் கார்டு கேட்காமல் 100 டாலர் கிரெடிட் தருகிறது, தீர்ந்தால் அக்கவுன்ட் நின்றுவிடும். கூகுள் 90 நாளுக்கு 300 டாலர் தருகிறது, கார்டு கேட்கும், ஆனால் நீங்களாக அப்கிரேட் செய்யாத வரை பணம் பிடிக்காது. சேருவதற்கு முன் இன்றைய நிபந்தனைகளை அவர்கள் தளத்தில் படித்துவிடுங்கள், இவை அடிக்கடி மாறும். பட்ஜெட் அலர்ட் வைத்துவிட்டேன், பயமில்லை என்று இருக்காதீர்கள். அது தகவல்தான் சொல்லும், செலவைத் தானாக நிறுத்தாது, பில் விவரமே பல மணி நேரம் தாமதமாகத்தான் வரும். சின்னச் சின்ன விஷயமும் சேரும்: அமேசான் 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது, உபயோகத்தில் இருந்தாலும் சும்மா கிடந்தாலும். அதனால் உங்கள் கருவி உருவாக்குகிற எல்லாவற்றிலும் காலாவதி நேரத்தை டேக்காகப் போட்டு, அந்த நேரம் தாண்டியவற்றைத் தேடி அழிக்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டையும் எழுதுங்கள். லேப்டாப் நடுவில் அணைந்துபோனாலும், டெஸ்ட் பாதியில் செத்தாலும் அது வந்து துடைத்துவிடும். இது உங்கள் புரபோசலில் இருக்காது. இருந்தாலும் செய்யுங்கள், மெயின்டெய்னர்கள் (கருவியைப் பராமரிப்பவர்கள்) இதைத்தான் நீண்ட நாள் உபயோகிப்பார்கள்.

சாவி விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அக்சஸ் கீயை எந்த ஃபைலிலும் எழுதாதீர்கள், தனி பிராஞ்ச் என்றாலும், பிறகு நீக்கிவிடுவேன் என்றாலும். பொது ரெப்போக்களில் சாவி தேடியே அலைகிற பாட்கள் இருக்கின்றன. தப்பித் தவறிப் போய்விட்டால் கமிட்டை அழிக்க உட்காராமல் முதலில் சாவியை ரத்து செய்யுங்கள், ஹிஸ்டரியைச் சுத்தம் செய்வது அப்புறம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் வசதி) ஃபோர்க்கிலிருந்து, அதாவது ரெப்போவின் உங்கள் நகலிலிருந்து, வரும் புல் ரிக்வெஸ்டுக்கு (கோடைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைக்கு) சீக்ரெட்கள், அதாவது திட்டத்தின் சாவிகள், போகாது, அதனால் உங்கள் புல் ரிக்வெஸ்டில் நிஜ கிளவுட் டெஸ்ட் ஓடாமல் தோற்கும். அதைச் சரிசெய்ய 'புல் ரிக்வெஸ்ட் டார்கெட்' என்ற வழியை வலையில் யாராவது சொல்வார்கள். அது வெளியாள் எழுதிய கோடை செக்அவுட் செய்து திட்டத்தின் சீக்ரெட்டோடு ஓட்டுகிற நிலைக்குக் கொண்டுபோய்விடும், செய்யாதீர்கள். மெயின்டெய்னர் கோடைப் படித்துவிட்டுத் தன் கையால் ஓட்டட்டும்.

இரண்டு கிளவுடையும் முடிக்க முடியுமா? மீதி ஒன்பது வாரத்தில் ஒன்றை முழுதாக முடிக்கலாம், இரண்டையும் என்றால் இரண்டும் முக்கால்வாசியில் நிற்கும் என்பது என் கணிப்பு. முக்கால்வாசி கிளவுடை யாரும் உபயோகிக்க முடியாது, மெயின்டெய்னருக்குச் சுமைதான். எதை வைத்துக்கொள்வது என்பதற்கு, திட்டத்துக்கு எந்த அக்கவுன்ட் நிஜமாகக் கிடைக்கிறதோ அதை என்பேன். இரண்டுமே கிடைத்தால் கூகுள். அமேசானின் அமைப்புக்கு அது அசூரைவிடக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. அசூர் எடுத்தால் வேலை அதிகம், ஆனால் அதிலிருந்து பிறக்கிற இன்டர்ஃபேஸ் உறுதியாக இருக்கும் என்று வாதாடுகிறவர்களும் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது.

புரபோசலில் எழுதியதைக் குறைத்தால் தோற்கடித்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். உங்கள் திட்டம் எந்த அமைப்பின் கீழ் என்று நீங்கள் சொல்லவில்லை, 2005இல் தொடங்கிய கூகுள் சம்மர் ஆஃப் கோடை வைத்துச் சொல்கிறேன்: அங்கே மென்ட்டரும் நீங்களும் பேசி நடுவில் எல்லையை மாற்றிக்கொள்வது சகஜம், 12 வாரத்தை நீட்டிக்கொள்ளவும் 2022 முதல் வழி இருக்கிறது. மென்ட்டர்களைக் கலங்கவைப்பது எல்லை குறைவது கிடையாது, மௌனம்தான். ஒரு வாரம் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு மிட்டெர்ம் மதிப்பீட்டுக்கு முந்தின நாள் இரண்டாயிரம் வரி புல் ரிக்வெஸ்டை அனுப்புகிற மாணவருக்கு எந்த மென்ட்டராலும் உதவ முடியாது. அதே கோடு சின்னச் சின்னதாக வந்தால் அன்றன்றைக்கே படித்துவிடுவார். அமேசான் கோடை ஒரு தனி ஃபைலுக்கு மட்டும் நகர்த்துகிற, வேறு எதையும் மாற்றாத புல் ரிக்வெஸ்ட் ஒன்றை இந்த வாரமே அனுப்புங்கள், இதுவரை படித்ததெல்லாம் அதற்குப் போதும். அது மெர்ஜ் ஆவது உங்கள் மனசுக்கும் நல்லது. அப்புறம் கூகுளில் அழிப்பது, அப்புறம் உருவாக்குவது, அப்புறம் காத்திருப்பது, பிறகு இன்டர்ஃபேஸ். ஓடாத கோடையும் டிராஃப்ட்டாகத் திறந்துவைக்கலாம். சந்தேகத்தைத் தனி மெசேஜில் கேட்பதைவிட திட்டத்தின் பொது சேனலில் கேளுங்கள், மென்ட்டர் ஊரில் இல்லாத நாளில் வேறு யாராவது பதில் சொல்வார்கள். அவர் பல நாள் பதிலே தராவிட்டால் அந்த அமைப்பின் அட்மினுக்கு எழுதலாம், அது புகார் ஆகாது, அவர்கள் அதற்காகத்தான் இருக்கிறார்கள்.

மென்ட்டருக்கு இன்று நான்கைந்து வரி எழுதினால் போதும். மூன்று வாரத்தில் என்ன படித்தீர்கள், பொது இன்டர்ஃபேஸ் எங்கே முட்டுகிறது (பெயர், டேக், அழிப்பது என்று மூன்று உதாரணம் போதும்), ஒரு கிளவுடை முதலில் முழுதாகச் செய்துவிட்டு இன்டர்ஃபேஸைப் பிரித்தெடுக்கலாமா, இரண்டாவது கிளவுடைத் தள்ளிவைக்கலாமா, அக்கவுன்ட் யாருடையது. அவர் மறுத்தால் அவருக்கு உங்கள் ரெப்போ தெரியும், எனக்குத் தெரியாது. அவர் சொல்கிற காரணத்தைக் கேட்டுக்கொண்டு அவர் வழியிலேயே போங்கள், அப்போதும் அழிக்கிற கோடை மட்டும் முதலில் எழுதுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று இங்கே வந்து எழுதினால் அடுத்த கட்டத்துக்கு என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.